ஓட்டத்தில் உள்ள பாகம்

கள்ளக்குறிச்சி
14-6-1987

அன்புள்ள சகலை அரங்கநாதனுக்குத் தெய்வசிகாமணி எழுதுவது.

இங்கே நான், உங்கள் அண்ணி கொளஞ்சியம்மாள், செவலைப் பசு ஆகிய மூவரும் சுகம். கார் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெள்ளிமலையில் நீங்களும் ஜெயம்மாளும் எப்படி? அங்கே இந்த மாசத்திலும் போர்வை வேண்டியிருக்கிறதாமே. இங்கே எனக்குப் பனியனே பாரமாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ரிஷிவந்தியத்து மாமனார் காலமானபோது நிலம் பிரிந்தது, மில் சாமான்கள் பிரிந்தன, ஆஸ்டின் கார் மட்டும் பிரியாமல் நின்றது. பெண்கள் இரண்டு, கார் ஒன்று. அதை நீங்களும் நானும் எப்படிப் பங்கு போட்டுக்கொண்டோம் என்று சொன்னால் இன்றைக்கும் ஒருவரும் நம்புவதில்லை. எஞ்சின் உங்களுக்கு, மிச்ச உடம்பெல்லாம் எனக்கு. "இன்னா வேணும், வாயத் தொறந்து கேளுப்பா" என்று பெரியவர்கள் சொன்னார்கள். கறுப்புப் பெயின்ட்டில் என் முகம் தெரிந்தது. அந்த மயக்கத்தில் உடம்பைக் கேட்டேன். நீங்கள் வாத்தியார், உள்ளே இருப்பதைக் கேட்டீர்கள்.

பங்கு பிரித்து எழுதிய கூர்ச்சீட்டின் கடைசி வரி உங்களுக்கு நினைவிருக்கும். "இருவரில் எவருடைய பாகம் முதலில் ஓட்டத்துக்கு வருகிறதோ, அவர் கேட்கும்போது மற்றவர் தம் பாகத்தை ஒப்படைக்கக் கடமைப்பட்டவர்." சகலை, என் பாகம் ஓட்டத்துக்கு வந்துவிட்டது! நாலு சக்கரமும் சுற்றுகின்றன. நேற்று நானும் பக்கத்து வீட்டு அறிவுச்செல்வனும் பின்னாலிருந்து தள்ளினோம். வாசல் வரைக்கும் ஓடியது. திரும்பி வரும்போதுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஆகவே எஞ்சினை அனுப்பிவையுங்கள். அவசரத்துக்குக் காரணம் உங்கள் அண்ணி. தை மாசம் பசு கன்று போடும், மாட்டுக்கொட்டகையில் கார் நிற்கிறது. நேற்றுச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னாங்க, தை பொறக்கறதுக்குள்ள அது தானா ஓடிப் போவணும். இல்லாட்டி உளுந்தூர்பேட்ட இரும்புக்காரன் வந்து தூக்கிக்கினு போவான். ரெண்டுல ஒண்ணு." இரும்புக்காரன் ஏற்கெனவே ஒரு நடை வந்து, மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டுப் போயிருக்கிறான்.

எனக்கு நாற்பத்தொன்பது வயசாகிறது. ஒன்பது வருஷமாகக் கார்க்காரன் என்ற பெயரோடு பஸ்ஸில் போகிறேன். ஒரே ஒரு தடவை, கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அதை ஓட்டிக்கொண்டு போகவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

ஜெயம்மாளுக்கு என் விசாரிப்பு.

உங்கள் சகலை,
தெய்வசிகாமணி


வெள்ளிமலை
2-7-1987

பெருமதிப்பிற்குரிய அண்ணனுக்கு அரங்கநாதன் வணக்கம்.

இறையருளால் இருவரும் நலமே. தங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அண்ணி நலந்தானே?

எஞ்சினைத் தருவதில் எனக்கு எள்ளளவும் ஆட்சேபம் இல்லை. கூர்ச்சீட்டில் கையெழுத்திட்டவன் நான். எழுத்துக்குக் கட்டுப்படுவதைப் பிள்ளைகளுக்குப் போதிப்பவனும் நானே. ஒரு சிறு இடையூறு மட்டும் உள்ளது. எஞ்சினின் கால் போல்ட்டுகள் துருவேறிவிட்டன. நாலு நூல் ஸ்பேனரைப் போட்டு முழுப் பலத்தோடு திருகிப் பார்த்தேன். ஸ்பேனர் வழுக்கி என் விரல்தான் நசுங்கியது. அதனால்தான் கையெழுத்து இவ்வாறு உள்ளது.

மலையில் சாரல் விடாமல் பெய்கிறது. வகுப்பறை ஓடு இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. துரு இளகியதும் தெரிவிக்கிறேன்.

ஜெயம்மாள் எழுத நினைத்தாள். வேலை விடவில்லை.

பணிவுடன்,
அரங்கநாதன்


கள்ளக்குறிச்சி
19-7-1987

அன்புள்ள சகலைக்கு,

விரல் எப்படி இருக்கிறது? இங்கே ஆடி பிறந்து மூன்று நாள். வீட்டில் ஆள் சுகம், ஆனால் காற்று அள்ளிக்கொண்டு வரும் புழுதியில் யார் யார் என்று அடையாளம் தெரியவில்லை. விற்பனைக்கூடத்தில் மல்லாட்டை, உங்கள் பாடப்புத்தகத்து நிலக்கடலை, வரத்து கம்மி. தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவதற்கு எனக்குச் சம்பளம்.

ஒரு சந்தேகம். சும்மா கிடக்கும் எஞ்சினை எதற்காகத் தரையில் போல்ட் போட்டு முடுக்கி வைத்திருக்கிறீர்கள்? ஓடிப்போய்விடும் என்றா? இன்னொன்று, உங்கள் கடிதத்தைப் பிரித்தால் மண்ணெண்ணெய் மணக்கிறது. உங்கள் ஊரில் மையில் அதைக் கலக்கிறார்களா?

நம் பழைய கார்க் கூட்டம் ஞாயிறு தவறாமல் சேலம் ரோட்டு டீக்கடையில் கூடுகிறது. ஆள் மூன்று, கார் இரண்டரை. அந்த அரை என்னுடையது. சின்னசேலம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் செழியன் தன் மாரிஸ் காரில் வந்து இறங்குவார். இறங்கினதும் கதவைச் சாத்த மாட்டார். நாம் சாத்த வேண்டும், அந்தச் சத்தத்தைக் கேட்டு நாம் பாராட்ட வேண்டும்.

"இன்னா சிகாமணி, உங்க வண்டி எவ்ளோ குடுக்குது?" என்றார் போன வாரம்.

"அத ஏன் கேக்கறீங்க, ஒம்போது வருசத்துல ஒரு சொட்டு பெட்ரோல் குடிக்கல."

"பிரேக்கு?"

"இந்த ஜில்லாவுலயே அந்த மாதிரி பிரேக்கு கெடையாது. நின்னா நின்னதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. செழியன் அடுத்த மாசம் கொல்லிமலைக்குக் காரில் போகிறாராம். "நீங்களும் வாங்க, பின்னாடி கயிறு கட்டி இழுத்துக்கினு போறேன்" என்கிறார். தமாஷுக்குத்தான் சொன்னார். ஆனாலும் கயிற்றை எடுத்துக் காட்டியது அதிகம்.

துருவுக்கு மண்ணெண்ணெய் ஊற்றி ஒரு நாள் விடுங்கள். அதுதான் உங்களிடம் நிறைய இருக்கும் போல.

அங்கே மழைக்கு ஜாக்கிரதை.

தெய்வசிகாமணி


வெள்ளிமலை
12-8-1987

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணனுக்கு,

இங்கு நலம். அண்ணிக்கு ஒரு பாட்டில் மலைத்தேன் பஸ்ஸில் கொடுத்தனுப்பியுள்ளேன். உடம்புக்கு நல்லது. கோபத்துக்கும் நல்லது என்கிறார்கள். தாங்களும் ஒரு கரண்டி அருந்தலாம்.

போல்ட்டுகள் இளகிவிட்டன. ஆனால் லாரி கிடைக்கவில்லை. மூடுபனியில் எஞ்சினை ஏற்றிக்கொண்டு கச்சிராயபாளையம் இறங்க டிரைவர் மறுக்கிறார். பத்தடிக்கு முன்னால் மாடு நிற்பதுகூடத் தெரியவில்லை. ஜெயத்துக்கு ஓய்வே கிடையாது. விடிவதற்குள் பெண்கள் வந்து வரிசையில்... அது இருக்கட்டும்.

பள்ளியில் ஆய்வாளர் வருகை. கரும்பலகைக்குக் கரி பூசும் வேலை நடக்கிறது. மழை நின்றதும் எஞ்சின் இறங்கும்.

பணிவுடன்,
அரங்கநாதன்


கள்ளக்குறிச்சி
30-8-1987

சகலைக்கு,

தேன் கிடைத்தது. உங்கள் அண்ணி முழுப் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டாள். கோபம் எனக்குத்தான், தேன் அவளுக்கு. மற்றபடி வீட்டில் தலைவலி, ஜுரம் எதுவும் இல்லை.

லாரி கிடைக்கவில்லை, சரி. மழை, சரி. மூடுபனி, மாடு, ஆய்வாளர் எல்லாம் சரி. பஸ்ஸில் தேன் இறங்குகிறதே, போல்ட் இறங்காதா? எஞ்சின் பிறகு வரட்டும். எஞ்சினை வண்டியோடு பிணைக்கும் போல்ட்டுகளையாவது முதலில் அனுப்புங்கள். மரை ஒத்துப்போகிறதா என்று பார்த்து இங்கே ஓட்டைகளைச் சுத்தம் செய்து வைக்கிறேன். சட்டென்று புரியும்படி எழுதுகிறேன்: மூணு நூல், ஆறு. அவசரம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சங்கத்துக்காரர்கள் அடுத்த மாசம் ஒரு வாரம் ரோட்டை மறிக்கப் போகிறார்கள் என்று பேச்சு. ஊரில் எல்லாரும் உப்பு, புளி வாங்கி வைக்கிறார்கள். நான் கிரீஸ் வாங்கி வைத்தேன். உங்கள் அண்ணி அதை எடுத்துப் புளிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள். இனி ரசத்தை முகர்ந்து பார்த்துத்தான் குடிக்க வேண்டும்.

இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெய்வசிகாமணி


வெள்ளிமலை
11-9-1987

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

இருவர் உடல்நிலையும் சீராக உள்ளது. தாங்கள் வாசிப்பில் நாட்டம் கொண்டது அறிந்து மட்டற்ற மகிழ்ச்சி.

"மூணு நூல், ஆறு" என்று எழுதியிருந்தீர்கள். மூன்று நூல்களா, ஆறு நூல்களா என்பது தெளிவாக இல்லாததால் ஆறையும் அனுப்பியுள்ளேன். இலக்கணம் இரண்டு, கணிதம் ஒன்று, ஆட்டுக்கு வரும் நோய்கள் பற்றி ஒன்று, கடித இலக்கியம் ஒன்று, பிழையின்றி எழுதுவது எப்படி என்று ஒன்று. படித்து முடித்தபின் அனுப்பினால் போதும். அவசரமில்லை.

பணிவுடன்,
அரங்கநாதன்


கள்ளக்குறிச்சி
4-10-1987

சகலை அரங்கநாதனுக்கு,

உயிரோடு இருக்கிறோம். இந்த வருஷம் அதை வெறும் சம்பிரதாயமாக எழுத முடியவில்லை.

ஒரு வாரம் பஸ் இல்லை, தபால் இல்லை. உங்கள் புத்தகக் கட்டு எங்கேயோ கிடந்து நேற்றுத்தான் வந்தது. அதற்கு வருகிறேன்.

மறியல் முதல் நாள் காலையில் அறிவுச்செல்வன் நாலைந்து பேரோடு வந்தான். "மாமா, மரம் வெட்டுனா மறுபடி வளர அம்பது வருசம் ஆவும். உங்க வண்டி சும்மாதானே நிக்குது? குடுங்க, ரோட்டுக்குக் குறுக்கால வுட்டுக்கறோம்" என்றான். நான் தயங்கினேன். உள்ளேயிருந்து உங்கள் அண்ணி, "எடுத்துக்கினு போங்கப்பா, திருப்பிக் கொணாந்து வுட வேணாம்" என்றாள். தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் விடாமல் கூடவே போய் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். கடைத்தெருவில் கார் போனது சகலை! ஆசைப்பட்டபடியே கடைத்தெருவில் போனேன். எட்டுப் பேர் தள்ள.

மறுநாள் போலீஸ்காரர் ஒருவர் வந்து, "யாருய்யா வண்டி? எடு" என்றார்.

"எஞ்சின் இல்லீங்க."

"எஞ்சின் இல்லாம எப்புடியா இங்க வந்துச்சு?"

"அதேதாங்க நானும் ஒம்போது வருசமா யோசிக்கிறேன்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாலு பேரை விட்டுத் தள்ளிக்கொண்டு வந்து சேர்த்தார். ஒரு ஹெட்லைட் கண்ணாடி போயிற்று. போகட்டும். அந்த வாரம் நம் ஜில்லாவில் போன உயிர்களைப் பேப்பரில் படித்துவிட்டு, கண்ணாடிக்காக வருத்தப்பட எனக்கு வெட்கமாக இருந்தது. அதைப் பற்றி இந்தக் கை இதற்கு மேல் எழுதாது. உங்களுக்கே தெரியும்.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். நூல் என்றால் புத்தகம் என்று ஊருக்கே தெரியும். ஆனால் ஸ்பேனர் பிடிக்கும் எவனுக்கும் நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. மூணு நூல் என்றால் அந்த அளவு போல்ட். ஒரு வாத்தியாருக்கு அது தெரியாமல் போயிருக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நினைத்துவிட்டு உங்கள் ஜூலை மாசக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். "நாலு நூல் ஸ்பேனரைப் போட்டுத் திருகிப் பார்த்தேன்." உங்கள் கையெழுத்து. நசுங்கிய விரலோடு. அன்றைக்கு எந்தப் புத்தகத்தைக் கொண்டு திருகினீர்கள் சகலை?

என்னை ஏமாற்றுவதானால் ஏமாற்றுங்கள். நான் ஏமாறுவதில் கைதேர்ந்தவன், ஆனால் முட்டாள் என்று நினைத்து ஏமாற்றாதீர்கள். எஞ்சின் எங்கே?

ஆட்டு நோய்ப் புத்தகத்தை உங்கள் அண்ணி படித்துக்கொண்டிருக்கிறாள்.

தெய்வசிகாமணி


வெள்ளிமலை
25-10-1987

அண்ணனுக்கு,

எனக்குச் சிறிது உடல்நலக் குறைவு. மறியலுக்குப் பின் பாதையும் இன்னும் சீராகவில்லை. விரிவாகப் பிறகு.

அரங்கநாதன்


கள்ளக்குறிச்சி
10-11-1987

அரங்கநாதனுக்கு,

உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். பாதை தேறி ஒரு மாசம் ஆகிறது. இந்தக் கார்டைக் கொண்டுவரும் பஸ் அந்தப் பாதையில்தான் வருகிறது.

பொங்கல் முடிந்ததும் எஞ்சினைத் தூக்கும் சங்கிலி பிளாக்கோடு நானே வருகிறேன். போல்ட்டுகளை நானே கழற்றிக்கொள்கிறேன். அதுவரை இரும்புக்காரனை நிறுத்திவைக்க உங்கள் அண்ணி காலில் விழுந்திருக்கிறேன். உங்களால் எனக்கு ஏற்பட்ட நிலைமை இது.

தெய்வசிகாமணி


வெள்ளிமலை
22-11-1987

மாமாவுக்கு ஜெயம்மாள் எழுதிக்கிறது. நாங்க நல்லா இருக்கோம். நீங்களும் அக்காவும் நல்லா இருக்கணும். எனக்கு அவரு மாதிரி எழுத வராது, பேசற மாதிரியே எழுதறேன், கோவிச்சுக்காதீங்க.

அவரு ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. உங்க கடுதாசி வந்தாதான் ஒடம்பு சரியில்லாமப் போவுது. இத்தினி நாளா எழுதி எழுதி கிழிச்சாரு. நெசத்த எழுத தெகிரியம் வரல. அதனால நான் எழுதறேன்.

எஞ்சின் இங்கதான் இருக்குது. ஆனா சும்மா கெடக்கல. நாலு வருசமா சாமத் தானியம் அரைக்குது. அப்பா மில்லுல கெடந்த, நெல்லு குத்தற பழைய ஹல்லரு என் பங்குல வந்துச்சே, அத நானே பெல்ட்டு போட்டு எஞ்சின்ல கோத்தேன். மில்லுல பொறந்து வளந்தவளுக்கு இது ஒரு வேலையா மாமா? பெட்ரோல்ல கெளப்பி மண்ணெண்ணெய்ல ஓட்டறேன். இத படிச்சதும் நீங்க தலையில அடிச்சுக்குவீங்கன்னு தெரியும்.

இங்க பொம்பளைங்க சாமய ஒரல்ல போட்டுக் குத்தி, அப்புறம் கூலிக்குப் போயி, அப்புறம் ஒல வெப்பாங்க. கையைப் பாத்தீங்கன்னா காப்பு காச்சு ஒலக்கையாட்டம் இருக்கும். இப்ப எட்டு ஊருலயிருந்து வராங்க. விடியறதுக்கு முன்னாடியே வந்து மூட்டய வரிசையில வெச்சுட்டு ஒக்காந்துருக்காங்க.

கூர்ச்சீட்ட நானும் படிச்சேன். "எவருடைய பாகம் முதலில் ஓட்டத்துக்கு வருகிறதோ"ன்னுதானே எழுதியிருக்குது? நீங்க தள்ளுனீங்க, வாசல் வரைக்கும் ஓடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. தள்ளுனா ஆட்டுக்கல்லுகூட ஓடும் மாமா. என் பாகம் நாலு வருசமா தெனம் தானா ஓடிக்கினு இருக்குது. அப்ப யாரு யாருக்குக் குடுக்கணும்? நீங்கதான் சொல்லணும்.

வாங்க. வந்து பாருங்க. பாத்துட்டும் கழட்டணும்னு தோணுச்சுன்னா, ஸ்பேனரு நானே எடுத்துத் தரேன்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும். பெல்ட்டு கடலூர்ல வாங்கி அனுப்புனதே அக்காதான். அவள ஒண்ணும் சொல்லாதீங்க.

ஜெயம்மாள்


கள்ளக்குறிச்சி
7-2-1988

சகலை அரங்கநாதனுக்கு,

நான் பத்திரமாக மலையிறங்கி வந்து சேர்ந்தேன். முழங்கால் நீங்கலாக மற்ற உறுப்புகள் சுகம். சேலத்தில் உங்கள் பயிற்சி வகுப்பு நல்லபடி முடிந்ததா? நான் வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கிய அன்று காலையில்தான் அது திடீரென்று ஆரம்பித்ததாக ஜெயம் சொன்னாள். நாலு நாளும் நீங்கள் திரும்பவில்லை. ஆகவே நடந்ததை எழுதுகிறேன். உங்களைப் பார்த்துத் திட்டுவதற்காக வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகள் வீணாயின. நல்ல வார்த்தைகள்.

சாக்கில் சங்கிலி பிளாக்கோடு போய் நின்றேன். வரிசையில் முப்பது பெண்கள். எஞ்சின் நின்றுபோயிருந்தது. முதலில் உட்கார்ந்திருந்த அம்மாள், சாலம்மாளாம், என் சாக்கைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "மெக்கானிக்கு வந்துட்டாருடி!" என்று கத்தினாள். நான் மறுப்பதற்குள் எல்லாரும் எழுந்து வழிவிட்டார்கள்.

"அய்யா, நேத்தே ரெண்டு தபா நின்னு போச்சு. இன்னிக்கும் ஆவலன்னா மூட்டயத் தூக்கிக்கினு நான் திரும்பி ரெண்டு மல ஏறணும். சீக்கிரம் பாருங்க" என்றாள்.

எஞ்சினைக் கழற்றிக்கொண்டு போக வந்தவன் என்று அங்கே எந்த வாயால் சொல்வது? ஜெயம் சொன்னபடியே ஸ்பேனரை எடுத்து என் கையில் வைத்தாள். வைத்துவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போய்விட்டாள்.

ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நாலு கால் போல்ட். கால் மணி நேர வேலை. துருவும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

கடைசியில் தலையைக் கழற்றினேன். என் தலையை அல்ல, எஞ்சின் தலையை. மூன்றாவது சிலிண்டர் வால்வு கரியேறி, சரியாக மூடாமல் கிடந்தது. நாலு வருஷம் மண்ணெண்ணெய் குடித்தால் யாருக்குத்தான் மூடும்? இரண்டு நாள் உட்கார்ந்து எட்டு வால்வையும் தேய்த்தேன். சாலம்மாள் ஊர் திரும்பவில்லை, அங்கேயே மூட்டையின்மேல் படுத்துக்கொண்டாள். "இன்னும் ஆவலியா? எங்கூட்டுக்காரரே தேவல போல" என்று இடையிடையே ஊக்கம் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை கிளப்பினோம். நாலு சிலிண்டரும் பிடித்தன.

இன்னொன்றும் பார்த்தேன். எஞ்சின் சூட்டைத் தணிக்க ஜெயம் ஒரு இரும்பு டிரம்மில் தண்ணீர் வைத்திருக்கிறாள். அது பகல் முழுக்கக் கொதித்து ஆவியாகிறது. அவள் பகல் முழுக்க ஊற்றிலிருந்து தூக்கி ஊற்றுகிறாள். அந்த மேட்டில் ஒரே ஒரு குடம் நான் தூக்கிப் பார்த்தேன். பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன். இதை நீங்கள் நாலு வருஷமாகப் பார்த்துக்கொண்டு எனக்கு இலக்கணப் புத்தகம் அனுப்பியிருக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை என்பதைத் தெளிவாகத் தெரியப்படுத்துகிறேன்.

சங்கிலி பிளாக்கைச் சாக்கிலிருந்து எடுக்காமலே திரும்பி வந்தேன்.

"எஞ்சின் எங்கீங்க?" என்றாள் உங்கள் அண்ணி.

"ஓடிக்கினு இருக்குது" என்றேன்.

அவள் சாக்கை வாங்கி மூலையில் வைத்தாள். மறுநாள் விடிந்ததும் நான் காரின் மூக்கைத் திறந்து ரேடியேட்டரைக் கழற்ற ஆரம்பித்தேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு வந்து மறுபக்கத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். வைக்கோல் சுற்றி, சாக்கில் போட்டுத் தைத்ததும் அவள்தான். அன்று சாயங்காலம் இரும்புக்காரன் வந்தான். "போய்ட்டு அப்புறம் வாப்பா, இன்னும் கழட்ட வேண்டியது கெடக்குது" என்று அனுப்பிவிட்டாள். பெட்ரோல் டேங்கைச் சொல்கிறாள். அதுவும் வரும்.

பசு காருக்குப் பக்கத்திலேயே கன்று போட்டுவிட்டது. கிடாரி.

நாளை காலை பஸ்ஸில் ரேடியேட்டர் வருகிறது. கீழ்க் குழாயை முதலில் மாட்டச் சொல்லுங்கள். இதை மாட்டினால் காலையில் இரண்டு குடம் போதும். சூட்டோடு மூடியைத் திறக்க வேண்டாம், ஜெயத்துக்கு முகம் வெந்துபோகும். நீங்கள் வேண்டுமானால் திறந்து பார்க்கலாம்.

செழியனிடம் இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்ல வேண்டும். இரண்டரைக் கார் இனி இரண்டேகால் என்று கணக்கைத் திருத்திக்கொள்வார்.

உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், உங்கள் அண்ணிக்குத் தெரிய வேண்டாம். அவள் சந்தைக்குப் போன நேரங்களில் நான் கொட்டகையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் சத்தத்தை வாயாலேயே போடுவேன். ஒன்பது வருஷப் பழக்கம். செழியனின் மாரிஸ் மாதிரி கொஞ்சம் உறுமலோடு போடுவேன். மலையில் அது நாலு சிலிண்டரில் கிளம்பியபோதுதான் தெரிந்தது, அதன் நிஜச் சத்தம் அப்படி இல்லை. உறுமலே கிடையாது. பக்கத்தில் யாரோ தையல் மெஷின் ஓட்டுவது மாதிரி, அவ்வளவு அடக்கம். நேற்று அவள் சந்தைக்குப் போனாள். நான் போய் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தேன், வரவில்லை. சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன்.

இருவரும் நலமாக இருங்கள்.

தெய்வசிகாமணி